கட்டட வேலைத் தாவாக்களும் அவற்றைத் தீர்ப்போர் பணியும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். தனி மனிதர் ஒருவர் தம் கைப்பணத்தைக் கொண்டு வீடு கட்டும்போதே இத்துணைத் தொல்லை உண்டு. பல நூறு அங்கத்தினர்களின் பங்குப் பணத்தைக் கொண்டு ஒரு சங்கம் கட்டடம் எழுப்பும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நெசவாளர் சங்கங்கள் நூல் கிடங்கும் தறிக்கூடமும் கட்டுகின்றன. விவசாயிகளின் சங்கங்கள் தானியக் கிடங்கும் உலர்களமும் கட்டுகின்றன. இவை அனைத்தும் நல்ல காரியங்களே. ஆனால் வேலை பாதியில் நின்று, சங்கமும் ஒப்பந்தக்காரரும் ஒருவர்மீது ஒருவர் குற்றஞ்சாட்டும் நிலை வந்துவிடின், நல்ல காரியம் பெருஞ்சுமையாக மாறிவிடுகின்றது.

இத்தகைய தாவாக்களை ஆராய்ந்து தீர்ப்பதையே தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள் இருக்கின்றனர் என்பதை நம் அங்கத்தினர்களில் பலர் அறியார். அவர்கள் யார், எவ்வாறு வேலை செய்கின்றனர், அவர்கள் வேலையிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கட்டடத் தாவா ஏன் தனி வகை?

நூல் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தகராறு எழுந்தால், நூலை எடுத்து வைத்துப் பார்த்து விடலாம். கட்டடம் அத்தகையதன்று. வானம் தோண்டிக் கடைக்கால் போட்டு மண் மூடிய பின், அது எத்தனை அடி ஆழம் என்று எவரும் காணவியலாது. தளத்துக்குள் எத்தனை கம்பி கட்டினர் என்பது கலவை கொட்டிய மறுநாளே மறைந்துவிடும். வேலையோ பல மாதங்கள் நடக்கின்றது. மழை வருகின்றது, சாமான் விலை ஏறுகின்றது, கொத்தனார்கள் வேறிடம் போகின்றனர், சங்கத்தார் நடுவில் மனம் மாறி ஒரு வாயிலை இடம் மாற்றச் சொல்கின்றனர். இறுதியில் வேலை தாமதமாயிற்று என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். யாரால் எத்தனை நாள் தாமதம் என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே இத்தாவாவைத் தீர்ப்பவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். சாந்துக் கலவையும் தெரிந்திருக்க வேண்டும். பொறியாளராயிருந்து பின்னர்ச் சட்டம் பயின்றவர்கள், அளவும் விலையும் கணக்கிடுவதில் தேர்ந்தவர்கள், கட்டட வழக்குகளில் நெடுநாள் பழகிய வழக்கறிஞர்கள் ஆகியோர் இத்துறைக்கு வருகின்றனர். அவர்கள் வெவ்வேறு நிலைகளில் பணிபுரிகின்றனர். ஒருதரப்பாருக்கு ஆலோசகராக இருந்து கணக்கை ஒழுங்கு செய்து தருவது ஒன்று. நிபுணர் சாட்சியாக உண்மையை எடுத்துரைப்பது மற்றொன்று. இருதரப்பாரையும் பேசவைத்து இணக்கம் காண்பது சமரசர் வேலை. அவர் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. இருதரப்பாரும் எழுத்து மூலம் ஒப்பி ஏற்றுக்கொண்டபின் விசாரித்துக் கட்டுப்படுத்தும் முடிவு கூறுவது நடுவர் வேலை. ஒரே தாவாவில் ஒருதரப்பின் ஆலோசகராக இருந்தவர் அதற்கே நடுவராக அமர்தல் கூடாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்க.

நாம் கண்ட ஒரு தாவா

பார்வையிடச் சென்றவிடத்து நாம் அறியவந்த ஒன்றைச் சொன்னால் இப்பணி எளிதில் விளங்கும். ஊரும் பேரும் தேவையில்லை.

ஒரு நெசவாளர் சங்கம் ரூ. 24,00,000 மதிப்பில் நூல் கிடங்கு கட்ட முனைந்தது. 180 நாட்களில் முடிக்கவேண்டும் என்றும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தக்காரர் ரூ. 1,000 கொடுக்கவேண்டும் என்றும் உடன்படிக்கை. சிமெண்டு வாங்கிக் கொடுப்பது சங்கத்தின் பொறுப்பு. கடைக்கால் நான்கு அடி ஆழம் என்று வரைபடம் சொல்லிற்று. வானம் தோண்டியபோது ஒரு பக்கம் மண் இளகிக் கிடந்தது. ஒப்பந்தக்காரர் தலைவரிடம் ஓடிவந்தார். தலைவர் நல்லெண்ணத்துடன், "ஆழமாகவே போடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். தாவாவின் விதை அந்தச் சொல்லில் விழுந்தது. தீர்மானமும் இல்லை, கடிதமும் இல்லை, விலையும் பேசவில்லை.

வேலை 262 நாட்களில் முடிந்தது. ஒப்பந்தக்காரர் இறுதிப் பட்டியல் பாக்கி ரூ. 3,10,000, கூடுதல் கடைக்காலுக்கு ரூ. 3,60,000, தாமதத்தால் தமக்கு நேர்ந்த நஷ்டம் ரூ. 1,50,000 ஆக ரூ. 8,20,000 கேட்டார். சங்கமோ, 82 நாள் தாமதத்திற்கு ரூ. 82,000 அபராதம் உண்டு என்றும், தரை வெடித்திருக்கின்றது என்றும், கூடுதல் வேலைக்கு எழுத்தில் உத்தரவில்லை என்றும் கூறி ஒரு காசும் கொடுக்க மறுத்தது. ஒப்பந்தக்காரர் கிடங்கைப் பூட்டிச் சாவியைத் தாமே வைத்துக்கொண்டார். கொத்தனார்களுக்குக் கூலி பாக்கி நின்றது. சங்கம் மாதம் ரூ. 9,000 வாடகைக்குத் தனியார் கிடங்கில் நூலை வைத்திருந்தது. இவ்வாறே 14 மாதங்கள் கழிந்தன.

பிறகு இருதரப்பாரும் எழுத்து மூலம் சம்மதித்து, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை நடுவராக ஏற்றனர். அவர் முதல் நாளிலேயே இருவர் வாதத்தையும் கேட்க அமரவில்லை. உடன்படிக்கை, வரைபடம், அளவுப் புத்தகம், வேலைத்தளக் குறிப்பேடு, சிமெண்டு இருப்புப் பதிவேடு, கடிதங்கள், கூலிப் பட்டி ஆகியவற்றைக் கேட்டார். இருந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கினார். பிறகு ஒரே சண்டையாகக் கிடந்ததை நான்கு கேள்விகளாகப் பிரித்தார். செய்த வேலை எவ்வளவு? கூடுதல் வேலை எவ்வளவு, அதற்கு விலை யாது? தாமதம் யாரால்? குறைபாடு என்ன, அதைத் திருத்த என்ன செலவு?

கடைக்கால் கேள்விக்கு அவர் இருதரப்பாரையும் உடன் வைத்துக்கொண்டு சுவரோரம் நான்கு இடங்களில் குழி தோண்டச் செய்தார். நான்கு சுவர்களும் ஏழு அடி என்று ஒப்பந்தக்காரர் எழுதியிருந்தார். கீழ்ச்சுவரும் வடசுவரின் ஒரு பகுதியும் மட்டுமே ஏழு அடி. மற்றவை நான்கு அடியே. அங்கு வேடிக்கை பார்க்க வந்த முதிய நெசவாளர் ஒருவர், அவ்விடத்தில் முன்பு ஒரு குட்டை இருந்து தூர்க்கப்பட்டது என்றார். கட்டும்முன் அவரைக் கேட்டிருந்தால் இத்தாவாவில் பாதி பிறந்திராது. உடன்படிக்கை விகிதப்படி கணக்கிட்டபோது கூடுதல் வேலையின் விலை ரூ. 1,48,000 ஆயிற்று.

தாமதக் கேள்வியை அவர் நாள்வாரியாகப் பார்த்தார். கூடுதல் ஆழத்தால் 24 நாள். சங்கம் சிமெண்டு கொடுக்கப் பிந்தியதால் 31 நாள். ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பியதால் ஒப்பந்தக்காரர் பொறுப்பில் 27 நாள். ஆக 82. அந்த 27 நாளுக்கும் நாளொன்றுக்கு ரூ. 1,000 என்று எடுக்க முடியுமா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, உடன்படிக்கையில் குறித்த தொகை உச்சவரம்பேயன்றி, தானாகக் கிடைக்கும் தொகையன்று. அதற்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும். சங்கத்திற்கு நேர்ந்த நஷ்டம் வாடகையே, நாளொன்றுக்கு ரூ. 300 வீதம் ரூ. 8,100. ஒப்பந்தக்காரர் கேட்ட ரூ. 1,50,000 நஷ்டத்திலும், சிமெண்டு வராத நாட்களுக்குரிய காவல்கூலிக்கும் கலவை இயந்திர வாடகைக்கும் ரசீது இருந்தது ரூ. 22,000-க்கு மட்டுமே. தரையைத் திருத்தும் செலவு ரூ. 41,000.

இக்கணக்கை இருவர் முன்பும் விரித்து வைத்தபோது வாதத்திற்கு இடமில்லாமற் போயிற்று. பாக்கி ரூ. 3,10,000, கூடுதல் வேலை ரூ. 1,48,000, தாமத நஷ்டம் ரூ. 22,000 ஆக ரூ. 4,80,000. இதில் ரூ. 8,100-ம் ரூ. 41,000-ம் கழிய, ரூ. 4,30,900 சங்கம் கொடுக்கவேண்டும். இருவரும் இசைந்தனர். நடுவர் அவ்விசைவையே தீர்ப்புரையாக எழுதினார். 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இதற்கு இடந்தருகின்றது. அவ்வாறு எழுதப்பட்டதற்கு ஏனைய தீர்ப்புரைகளுக்குள்ள வலிமை அனைத்தும் உண்டு.

இருவர் கணக்கிலும் சேராத ஒரு தொகை எஞ்சியது. பதினான்கு மாதச் சண்டையில் சங்கம் கொடுத்த வாடகை ரூ. 1,26,000. கூடுதல் கடைக்காலின் விலையோ ரூ. 1,48,000. ஏறக்குறைய இன்னொரு கடைக்கால் போடும் பணம் பூட்டிய கதவின் முன் வீணாயிற்று. அது அங்கத்தினர்களின் பணம்.

வாய்ச்சொல் பற்றி உச்சநீதிமன்றம்

தலைவரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு உண்டா என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். இதனை ஒத்த கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1944-இல், வங்காளத்தில் உணவுப்பொருள் வழங்கு இலாகாவின் அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி, பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்னும் ஒப்பந்தக்காரர்கள் ஆரம்பாக், கானாகுல் ஆகிய இடங்களில் கிடங்கு முதலிய கட்டடங்களைக் கட்டிக் கொடுத்தனர். சட்டம் வேண்டிய முறையில் உடன்படிக்கை எழுதப்படவில்லை. ஆகவே பணம் தரவேண்டியதில்லை என்று அரசு வாதாடியது. கட்டடங்களை ஏற்றுப் பயன்படுத்திக்கொண்டு, இலவசமாகச் செய்ததல்லாத வேலைக்கு ஈடு கொடுக்க மறுத்தல் ஆகாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவைக் காட்டி உச்சநீதிமன்றம் முடிவு கூறிற்று. நியாயம் கிடைத்தது, ஆனால் வேலை முடிந்து 17 ஆண்டுகளுக்குப்பின், 1961 டிசம்பரில்.

இதிலிருந்து இருவகைப் பாடம் பெறலாம். எழுத்தில் இல்லை என்பதைக் காட்டி, பெற்ற பயனுக்கு ஈடு தராமல் தப்பலாம் என்று சங்கம் எண்ணக்கூடாது. எழுத்தில்லாவிடினும் பணம் வந்துவிடும் என்று ஒப்பந்தக்காரரும் எண்ணக்கூடாது. கூடுதல் வேலைக்கு எழுத்து உத்தரவு வேண்டும் என்று உடன்படிக்கையே சொல்லுமிடத்து, அஃதில்லாமல் கேட்பவர் நிலை மிகவும் தளர்ந்ததாகிவிடும்.

தாவா எழுமுன்னரே நடுவர்கள்

இத்துறையில் உலகம் கண்ட பெரிய முன்னேற்றம், சண்டை முற்றிய பின் நடுவரைத் தேடுவதைவிட வேலை தொடங்கும்போதே அமர்த்திக்கொள்வதாகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மலையைக் குடைந்து ஐசனோவர் சுரங்கச்சாலையை அமைத்தனர். 1968-இல் தொடங்கிய முதற்குடைவு, எதிர்பாராத பாறை நிலைகளால் நெடிது தாமதமாகி 1973-இல் முடிந்தது, தாவாக்களும் பெருகின. 1975-இல் இரண்டாம் குடைவைத் தொடங்கும்போது மூவர் அடங்கிய குழு ஒன்றை முதலிலேயே நியமித்தனர். ஒருவரைச் சாலைத் துறை தேர்ந்தது, ஒருவரை ஒப்பந்தக்காரர் தேர்ந்தார், மூன்றாமவரை அவ்விருவரும் தேர்ந்தனர். தகராறு எழுந்தவுடன், பாறையும் பள்ளமும் கண்முன் இருக்கும்போதே அக்குழு கேட்டுக் கருத்துரைத்தது. அம்முறை வெற்றி பெற்றுப் பிற நாடுகளுக்கும் பரவிற்று.

இங்கிலாந்தில் 1996-இல் இயற்றிய சட்டம் 1998 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கட்டட ஒப்பந்தத்தில் தகராறு எழுந்தால் எந்தத் தரப்பும் எப்போதும் ஒரு தீர்ப்பாளரை நாடலாம். தாவா அவரிடம் சென்றதிலிருந்து 28 நாட்களில் அவர் முடிவு சொல்லவேண்டும் என்பது பொதுவிதி. அம்முடிவுக்கு அப்போதைக்குக் கட்டுப்பட வேண்டும். மனநிறைவில்லாதவர் பின்னர் நீதிமன்றமோ நடுவரோ சென்று இறுதி முடிவு பெறலாம். பணமின்றி வேலை நின்றுவிடக் கூடாது என்பதே இதன் கருத்து.

நம் சட்டம் கூறுவது

நம் நாட்டில் ஒப்பந்தக்காரருடன் எழும் தாவாவைக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாளரிடம் கொண்டு செல்லலாம் என்று பலர் எண்ணுகின்றனர். 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, அங்கத்தினர்கள், சங்கம், அதன் நிர்வாகக் குழு, அலுவலர்கள், பிற சங்கங்கள் ஆகியோரிடையே எழும் தாவாக்களைப் பற்றியது. வெளியாராகிய ஒப்பந்தக்காரர் அதில் அடங்கார். எனவே அவரோடு எழும் தாவாவுக்கு உரிய வழியை உடன்படிக்கையிலேயே எழுதிவைத்தல் வேண்டும். எழுத்தில் நடுவர் ஷரத்து இல்லையேல், பின்னர் இருவரும் ஒப்பினாலன்றி உரிமையியல் நீதிமன்றமே வழி.

"சங்கத் தலைவரே நடுவர், அவர் முடிவே இறுதி" என்று எழுதிவைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுக. தரப்பாரின் பணியாளர் போன்ற நெருங்கிய தொடர்புடையோர் நடுவராகத் தகுதியற்றவர் என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. தாவாவின் முடிவில் அக்கறையுள்ளவர் தாமே தனி நடுவரை நியமிப்பதும் ஆகாது என்று 2019-இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. இருவரும் ஒப்பும் பொதுவானவரையே தேர்தல் வேண்டும்.

நடுவர் முறைக்கும் செலவுண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ஒரு மாதிரிக் கட்டணம் தரப்பட்டுள்ளது. ஐந்து இலட்சம் வரையுள்ள தாவாவிற்கு ரூ. 45,000, அதற்கு மேல் இருபது இலட்சம் வரை, கூடும் தொகைக்கு நூற்றுக்கு மூன்றரை வீதம் சேரும், தனி நடுவராயின் இன்னும் கால் பங்கு கூடும். சிறு தாவாவுக்கு இது பெருஞ்செலவு. ஆகவே முதலில் நேரில் பேசுதல், அடுத்துச் சமரசம், முடிவில் நடுவர் என்று படிப்படியாகச் செல்லுமாறு ஷரத்து எழுதுதல் நலம். ஆயின் பேச்சிலேயே காலம் கழித்துவிடலாகாது. செய்த வேலைக்கான விலையைக் கேட்க, பணம் தரும் காலம் குறிக்கப்படாதவிடத்து, வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டே 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் தவணை. வெறும் பேச்சு நடப்பதால் அத்தவணை நின்றுவிடாது.

நிர்வாகக் குழுவினர் செய்யத்தக்கவை

1. நிலத்தைத் தேர்ந்தவுடன் மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களையும் கேட்டறிதல் வேண்டும்.

2. மறையப்போகும் வேலைகளாகிய கடைக்கால், கம்பிக்கட்டு முதலியவற்றை, மூடும்முன் இருதரப்பாரும் அளந்து அளவுப் புத்தகத்தில் தேதியுடன் ஒப்பமிட வேண்டும். படமும் எடுத்து வைக்கலாம்.

3. மாற்றமோ கூடுதலோ தேவையெனில், குழுத் தீர்மானமும் எழுத்து உத்தரவும் விலையும் முதலில், வேலை பிறகு. அவசரமாயின், சொன்னதை அன்று மாலையே கடிதமாக எழுதி ஒப்பம் பெறுக.

4. அன்றன்று வந்த ஆட்கள், வந்த சாமான், பெய்த மழை, நின்ற வேலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருக.

5. சங்கம் ஒப்புக்கொண்ட சாமானையும் பணத்தையும் காலத்தில் கொடுக்க வேண்டும். நம் தாமதத்தை ஒப்பந்தக்காரர் தலையில் ஏற்றலாகாது.

6. தகராறு எழுந்தால், மறுப்பில்லாத தொகையைக் கொடுத்துவிட்டு, தகராறுள்ளதை மட்டும் தனியே வைத்துப் பேசுக. முழுத்தொகையையும் நிறுத்திவைப்பது கூலியாட்களின் வயிற்றில் அடிப்பதாகும்.

7. கட்டடத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு வழக்காடாமல், இருப்பதை இருந்தவாறு அளந்து குறித்துக்கொண்டு, கட்டடத்தைப் பயனுக்குக் கொண்டுவர இசைவு காண்க.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் நாடாவை நிறுத்தி அங்கேயே பிணைக்கின்றார். வாய்க்கால் கரையில் சிறு கசிவு கண்டால் விவசாயி ஒரு கூடை மண்ணோடு அன்றே போய் அடைக்கின்றார். இதை நம் அங்கத்தினர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே பழக்கத்தைக் கட்டட வேலைக்கும் கொண்டுவந்தால் போதும். தாவா தீர்க்கும் வல்லுநர் எத்துணைத் திறமையுடையவராயினும், எழுதாத கடிதத்தை அவரால் படிக்க இயலாது. அளக்காத கடைக்காலைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தோண்டும் கூலியும் சங்கத்தின் கணக்கிலேயே எழுதப்படும். அடுத்த பொதுக்குழுவில் கட்டடத் தீர்மானம் வரும்போது, மதிப்பீட்டோடு உடன்படிக்கையின் தாவா ஷரத்தையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமையும் கடமையும் ஆகும்.